தறப்பாள் ஓரத்து மின்புலம்

மின்புலம் எண்டா என்ன எண்டு ஆரும் கேட்டால் எனக்கு முதல்ல எரிச்சல்தான் வரும். பௌதிகவியல் புத்தகத்தில ஒரு வரி இருக்கு: ஒரு புள்ளியில் வைக்கப்படும் ஓரலகு நேரேற்றத்தின் மீது தாக்கும் விசையே அப்புள்ளியிலுள்ள மின்புலச் செறிவு. இதை நான் நித்திரையிலயும் சொல்லுவன். பாடமாக்கினதில ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்த ஓரலகு ஏற்றத்தை ஒருத்தரும் கொண்டுவந்து வைக்காட்டி? அப்ப அந்த இடத்தில என்ன இருக்கு? ஒரு சாமானும் இல்லாத வெறும் வெளியில விசை எங்கயிருந்து வரும்? இந்தக் கேள்வியோடயே முதல்தரம் உயர்தரப் பரீட்சை எடுத்து, பௌதிகவியலில கோட்டை விட்டு, ரெண்டாம்தரம் எடுக்கிறதுக்குப் படிச்சுக்கொண்டிருந்த காலத்தைத்தான் சொல்லப்போறன்.

சண்டையால கிளிநொச்சியை விட்டு வெளிக்கிட்ட பிறகு நாங்கள் மல்லாவிப் பக்கம் ஒரு காட்டோரத்தில இருந்தம். வன்னியில மின்சாரம் தொண்ணூறிலயே போயிட்டுது. கம்பங்கள் மட்டும் நிண்டது. கம்பியை ஆக்கள் வெட்டிக்கொண்டுபோய் உடுப்புக் காயப்போடக் கட்டிச்சினம். பற்றரிக்குத் தடை, வவுனியாவுக்கு இஞ்சால ஆமி வர விடேல்லை. இந்த லட்சணத்தில நாங்கள் மின்னியல் படிச்சம். பாலை மரத்துக்குக் கீழதான் வகுப்பு. மின்னோட்டம் படிக்கேக்க செய்முறை செய்ய ஒரு வழியும் இல்லை, எல்லாம் கரும்பலகையில கீறின படம்தான். நிலைமின்னியலுக்கு மட்டும் ஒண்டும் தேவையில்லை, ஒரு சீப்பும் கடதாசித் துண்டும் காணும். தடை போட்டு நிப்பாட்டேலாத பாடம் இது ஒண்டுதான் எண்டு படிப்பிச்ச மாஸ்டர் பகிடி விடுவார். நாங்கள் சிரிப்பம். வேற என்ன செய்யிறது.

எங்கட கொட்டிலைக் கட்டினது அண்ணா. காட்டுத்தடி நட்டு, நிவாரணத்துக்குக் குடுத்த பொலித்தீன் தறப்பாளை உள்பக்கமா இழுத்துக் கட்டி, வெளியால தென்னோலைக் கிடுகு வைச்சு அடைச்சார். கட்டி முடிச்ச உடனயே தன்ர பாயைக் கொண்டுவந்து தறப்பாள் ஓரமாப் போட்டு, காத்து வாற பக்கம் எனக்கு, ஒருத்தரும் பங்குக்கு வரக்கூடாது எண்டு சட்டம் போட்டார். தங்கச்சிக்காரி நான் விடேல்லை. கட்டின கூலிக்கு அந்த மூலை, ஆனால் தண்ணி அள்ளுறதும் நீங்கள்தான் எண்டு சொன்னன். சரியெண்டு அள்ளினார். அந்த மூலையில அவர் படுத்தது கொஞ்ச நாள்தான். வீட்டில விட்டுப்போட்டு வந்த நெல்லு மூட்டையை எடுத்து வாறன் எண்டு, பக்கத்துக் கொட்டில் ஆக்கள் ரெண்டு பேரோட ஒரு விடியக்காலமை சைக்கிளில வெளிக்கிட்டார். பின்னேரம் அவையள் ரெண்டு பேரும் வந்திச்சினம். எங்கட ஒழுங்கைக்குள்ள அவர் திரும்பினதைக் கண்டவையாம். பேந்து ஷெல் விழத் தொடங்க, ஆளுக்கொரு பக்கமா ஓடினதாம். அவ்வளவுதான். இண்டைக்கு வரைக்கும் எங்களுக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்.

அப்பா கேக்காத இடமில்லை. கேக்கக் கூடின எல்லா அலுவலகத்துக்கும் போனார். ஆஸ்பத்திரிகளுக்குப் போனார். அந்தப் பக்கத்தால வந்த ஆக்களை மறிச்சு மறிச்சுக் கேட்டார். ஓமெண்டும் இல்லை, இல்லையெண்டும் இல்லை.

அம்மா ஒவ்வொரு பின்னேரமும் அண்ணாவின்ர பாயை விரிச்சா. விடியச் சுருட்ட மனம் வராது, அது அப்பிடியே கிடக்கும். சின்னக் கொட்டில் அது. மூண்டு பேர் கையைக் காலை நீட்டினால் ஆளை ஆள் இடிக்கும். எண்டாலும் அந்தப் பாயில ஒருத்தரும் கால் வைக்கிறேல்லை. குசினியெண்டு சொல்லுற பத்திக்குப் போறதுக்கு நேர்வழி அதுக்கு மேலாலதான். நாங்கள் மூண்டு பேரும் அரைவட்டமாச் சுத்திப் போவம். அப்பிடிப் போகச் சொல்லி ஆரும் சொல்லேல்லை. கால் தன்ரபாட்டில வளையும்.

அடுத்த வருஷம் சோளகம் பிடிச்சுது. வன்னியில சோளகம் எண்டால் சும்மா காத்தில்லை. வாய்க்குள்ள புழுதி, சோத்துக்குள்ள புழுதி, வயலெல்லாம் வெடிச்சுக் கிடக்கும், உதடும் வெடிக்கும். பகல் முழுக்கத் தறப்பாள் கிடுகில அடிச்சு உரஞ்சிக்கொண்டே இருக்கும். ஒரு மத்தியானம் நான் வகுப்பால வர, அம்மா அண்ணாவின்ர பாய்க்குப் பக்கத்தில நிலத்தில இருந்தா. கையைத் தறப்பாளுக்குக் கிட்ட நீட்டிப் பிடிச்சிருந்தா, தொடாமல். என்னைக் கண்டவுடன மற்றக் கையால வாயைப் பொத்திச் சைகை காட்டினா. கிட்டப் போய்ப் பாத்தன். அம்மாவின்ர கையில இருந்த பூமயிர் எல்லாம் எழும்பித் தறப்பாள் பக்கமாச் சாஞ்சு நிண்டது.

"தம்பி வந்து நிக்கிறான்," எண்டு அம்மா மெல்லச் சொன்னா. அண்ணாவை அவா தம்பி எண்டுதான் கூப்பிடுவா.

பேய்க்கதை கதைக்காதேங்கோ எண்டு வாய் வரைக்கும் வந்தது. அம்மா பத்திக்குப் போக, ஒருத்தரும் இல்லாத நேரம் பாத்து நானும் கையை நீட்டினன். என்ர கை மயிரும் எழும்பிச்சு. ஆரோ நல்லாக் கிட்ட வந்து, தொடாமல் நிண்டு, மூச்சு விடுற மாதிரி. நான் பயந்து வெளியால ஓடிவந்து வேலிக்கரையில நிண்டன். பயத்தோட இன்னொண்டும் இருந்தது. எனக்கு அழுகை வந்தது. அவர் எங்கயோ ஒரு இடத்தில சீவனோட இருந்தால் இஞ்ச இப்பிடி வந்து நிக்க மாட்டாரே எண்டு நான் நினைச்சன். அம்மா அதை நினைக்கேல்லை. அவாவுக்கு வந்து நிக்கிறதே போதுமாயிருந்தது.

வீட்டில சண்டை துவங்கினது அதுக்குப் பிறகுதான். ஒரு வருஷமாகப் போகுது, அந்தியேட்டிக் கிரியையைச் செய்வம், பிள்ளையை அலைய விடக்கூடாது எண்டு அப்பா சொல்லத் தொடங்கினார். உடம்பு இல்லாட்டித் தர்ப்பைப் புல்லில உருவம் கட்டி எரிச்சுச் செய்யலாம் எண்டு ஐயர் சொல்லியிருந்தாராம். அம்மாவுக்கு வந்த கோவத்தை நான் அதுக்கு முன்னம் கண்டதில்லை. "புல்லை எரிச்சுப்போட்டு, இதுதான் நான் பெத்த பிள்ளை எண்டு சொல்லவோ? அவன் வந்து நிக்கேக்க?" எண்டு கேட்டா. அப்பா எழும்பி வெளியால போயிட்டார். மத்தியானங்களில அம்மா கையை நீட்டிக்கொண்டு இருக்கிற மட்டும் அந்தியேட்டி நடவாது எண்டு எங்கள் எல்லாருக்கும் விளங்கிச்சு.

என்னோட படிச்ச ஒருத்தி இருந்தாள். முல்லைத்தீவுக் கடற்கரை ஆள், வேதக்காரர். மீன்பிடிச்ச தகப்பனுக்குக் கடல் போய், இஞ்ச காட்டில விறகு வெட்டிக்கொண்டிருந்தார். அவளுக்கு எதுக்கும் சிரிப்பு. பரீட்சையில சறுக்கினதைச் சொல்லியும் சிரிப்பாள். கவுசின்ர தேற்றம் படிக்க எண்டு ஒரு நாள் எங்கட கொட்டிலுக்கு வந்தாள். வெயில் எண்டால் அப்பிடி ஒரு வெயில். உள்ள வந்தவள், எங்களைப் போலச் சுத்தி வரத் தெரியாமல், நேர போய் அந்தப் பாயில சப்பாணி கட்டி இருந்திட்டாள்.

அம்மா பத்திக்குள்ள அகப்பையைப் பிடிச்சபடி அப்பிடியே நிண்டா. அவளுக்கு ஒண்டும் தெரியாது. முழுகிப்போட்டுக் காயவிட்ட தலைமயிர், நீளம். அது ஒவ்வொண்டா எழும்பிப் பறந்துபோய்த் தறப்பாளில ஒட்டத் தொடங்கிச்சு. அவள் தட்டிவிட்டாள், திரும்ப ஒட்டிச்சு. தலையைத் திருப்பித் தறப்பாளைப் பாத்தாள். கொப்பித் தாளில ஒரு மூலையைக் கிழிச்சுத் துண்டாக்கிக் கிட்டப் பிடிக்க, துண்டுகள் துள்ளிப்போய் ஒட்டிச்சு.

"எடியே, உங்கட வீட்டுச் சுவரே மின்காட்டியடி," எண்டு சொல்லிச் சிரிச்சாள்.

எனக்கு ஒரு நொடியில எல்லாம் விளங்கிச்சு. காஞ்ச கிடுகில பொலித்தீன் நாள் முழுக்க உரஞ்சுது. ஏற்றம் சேருது. காத்துக் காஞ்சு கிடக்கிறதால அது கசிஞ்சு போகேல்லை. கையைக் கிட்டக் கொண்டுபோனால் தூண்டல், மயிர் இழுபடுது. மூண்டாம் பாடம், முதல் பக்கம். வரியை வரியாப் பாடமாக்கி வைச்சிருந்த நான், என்ர வீட்டுச் சுவரில அது நடக்கேக்க பேயெண்டு பயந்து ஓடியிருக்கிறன். வெக்கமாவும் இருந்தது, என்ர கையில இருந்து எதையோ பறிச்ச மாதிரியும் இருந்தது. அம்மா பனங்கட்டித் துண்டோட அவளுக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து குடுத்தா. குடிக்கும் மட்டும் அவளை அந்தப் பாயிலயே இருக்க விட்டா.

எனக்கு வாய் சும்மா கிடக்காது. அதோட, அப்பா உள்ளுக்குள்ள உருகிக்கொண்டிருந்ததையும் பாத்துக்கொண்டு இருக்கேலாமல் இருந்தது. அடுத்த நாள் மத்தியானமே சீப்பை எடுத்துத் தலையில நல்லா இழுத்துப்போட்டு அம்மாவுக்கு முன்னால போய் இருந்தன். கையைத் தாங்கோ எண்டு கேட்டு வாங்கி, தறப்பாளுக்குத் தூரமா, கொட்டிலின்ர மற்றப் பக்கத்தில வைச்சுச் சீப்பைக் கிட்டப் பிடிச்சன். மயிர் எழும்பிச்சு. பாருங்கோ, சீப்புக்கும் எழும்புது, இதில அண்ணா இல்லை எண்டு சொன்னன். ஏற்றம் எண்டால் என்ன, உரஞ்சினால் என்ன நடக்கும் எண்டு வகுப்பெடுத்தன். அம்மா பொறுமையாக் கேட்டா. இடையில ஓம், ஓம் எண்டும் சொன்னா.

பேந்து கேட்டா: "சீப்புத்தான் என்னில முட்டேல்லையே பிள்ளை. முட்டாமல் எப்பிடி எழுப்புது?"

"அதுதானம்மா புலம். ஏற்றம் ஒரு இடத்தில இருந்தால் அதைச் சுத்தியிருக்கிற இடமே மாறிப்போகும். தொடத் தேவையில்லை. கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அந்த இடத்துக்குள்ள நீங்கள் வந்தால் உங்களுக்குத் தெரியும்."

அம்மா என்னை வடிவாப் பாத்தா. "அதைத்தானே நானும் சொல்லுறன்," எண்டா.

சீப்பைத் தூக்கி எறிஞ்சுபோட்டு எழும்பிப் போனன். போகேக்கதான் கண்டன், அவ்வளவு கோவத்திலயும் என்ர கால் அந்தப் பாயைச் சுத்திக்கொண்டு போனதை. அண்டைக்குத்தான் மின்புலம் எனக்கு விளங்கிச்சு. ஓரலகு ஏற்றத்தை ஆரும் கொண்டுவந்து வைக்கிறதுக்கு முதலே அந்த இடம் மாறித்தான் இருக்கு. வைக்கிறது எங்களுக்குத் தெரியிறதுக்கு மட்டும்தான். நாலு பேர் இருந்த கொட்டிலில மூண்டு பேர் எப்பிடி நடக்கினம் எண்டு பாத்தாலே காணும். அதைப் பரீட்சைத் தாளில எழுதேலாது, எழுதினால் முட்டைதான் வரும்.

நான் விட்டிட்டன். அம்மாவும் அவான்ர தறப்பாளும் எண்டு இருந்தன். அந்த வருஷம் சோளகம் முடிய அம்மா கொஞ்சம் தெளிஞ்சும் இருந்தா. சாப்பிட்டா, கதைச்சா, என்ர அரைப்பாவாடையைப் பிரிச்சுத் தைச்சுத் தந்தா. அண்ணாவுக்கு எண்டு அவர் உடுக்கிற சாரம் ஒண்டைத் தோய்ச்சுக் காயவைச்சு மடிச்சு, பாயில தலைமாட்டுப் பக்கம் வைச்சிருந்தா.

ஐப்பசியில மழை பிடிச்சுது. சோளகம் மாதிரித்தான் வன்னி மழையும், வந்தால் வந்ததுதான். நிலம் ஊறி, பாய் ஊறி, தறப்பாளில உள்பக்கமும் வேர்வை மாதிரித் தண்ணி பூத்துக் கிடந்தது. அம்மா வழமைபோல மத்தியானம் போய்க் கையை நீட்டினா. ஒண்டும் எழும்பேல்லை. அடுத்த நாளும் இல்லை. நான் கொப்பியைப் பாக்கிற மாதிரி அவாவைப் பாத்துக்கொண்டிருந்தன். கையை மாத்திப் பாத்தா. இடத்தை மாத்திப் பாத்தா. ஒரு கிழமையா நீட்டி நீட்டிப் பாத்துப்போட்டு, ஒரு நாள் கையை மடியில வைச்சுக்கொண்டு சும்மா இருந்தா.

பின்னேரம் அப்பா நனைஞ்சுகொண்டு வர, துவாயைக் குடுத்துப்போட்டு அம்மா சொன்னா, ஐயரைக் கேளுங்கோ எண்டு. எத்தினை மாதமா அதைக் கேட்டுக்கொண்டு திரிஞ்ச மனுசன், துவாயை முகத்தில வைச்சுக் குந்தியிருந்து அழுதார். அவருக்கு அந்தியேட்டி வேணும் எண்டுதான் நான் நினைச்சிருந்தன். அம்மா வேண்டாம் எண்டு சொல்லிக்கொண்டிருக்கிறதுதான் அவரையும் தாங்கினது எண்டு அப்பதான் தெரிஞ்சுது.

நான் துடிச்சுப்போனன். எங்கயிருந்தோ அவ்வளவு பதட்டம் வந்தது. அம்மா, இது மழையால, காத்து ஈரம், ஈரத்தில ஏற்றம் நிக்காது, கசிஞ்சு போயிடும், பங்குனி சித்திரையில வெயில் எறிக்கத் திரும்ப எழும்பும் எண்டு மூச்சு விடாமல் சொன்னன். இது அண்ணா இல்லை எண்டு சீப்போட போய்ச் சண்டை பிடிச்ச அதே வாயால.

அம்மா சொன்னா, "நீதானே பிள்ளை சொன்னனீ. இருந்தால் தெரியும் எண்டு."

அடுத்த நாள் மழை கொஞ்சம் விட்டிருந்தது. அம்மா தண்ணிக்குப் போன நேரம் நான் அடுப்பில இருந்த தணலை எல்லாம் தாச்சியில அள்ளிக்கொண்டு வந்து தறப்பாளுக்குக் கிட்ட வைச்சன். ஈரத்தைச் சீலையால ஒத்தி எடுத்தன். அண்ணாவின்ர சாரத்தைத் தணலுக்கு மேல பிடிச்சுக் காயவைச்சன். காய்ஞ்ச உடன தறப்பாளில வைச்சு உரஞ்சினன். கையை நீட்டிப் பாத்தன், ஒண்டுமில்லை. திரும்பக் காயவைச்சன், திரும்ப உரஞ்சினன். தறப்பாளில ஒரு மூலை சூட்டுக்குச் சுருங்கி ஓட்டை விழுந்திட்டுது. புகையில கண் எரிஞ்சுது. கோதாரி, வா, எழும்பு எண்டு ஆரையோ பேசிக்கொண்டு உரஞ்சினன். கைமூட்டு நோகத் தொடங்கின நேரம் சாரத்துக்குள்ள சடசடெண்டு ஒரு சத்தம் கேட்டுது. கையை நீட்டினன். பூமயிர் மெல்ல எழும்பிச்சு.

அம்மா குடத்தோட வாசலில நிண்டா. எவ்வளவு நேரமா நிண்டாவோ தெரியாது.

கெதியா வாங்கோ எண்டு கூப்பிட்டன். குடத்தை இறக்கிவைச்சுப்போட்டு வந்து இருந்தா. ஈரக்கையைத் துடைச்சுவிட்டு, நானே பிடிச்சுத் தறப்பாளுக்குக் கிட்டக் கொண்டுபோனன். ரெண்டு மூண்டு மயிர் எழும்பிச்சு. பேந்து இன்னும் கொஞ்சம். நான் அம்மாவின்ர முகத்தைப் பாத்தன். அம்மா கையைப் பாக்கேல்லை. தணலைப் பாத்தா, சாரத்தைப் பாத்தா, கரி அப்பின என்ர முகத்தைப் பாத்தா.

"இது அவனில்லைப் பிள்ளை," எண்டு சொன்னா. "இது நீ."

கையை மட்டும் உடன எடுக்கேல்லை. மயிர் படியும் மட்டும் அப்பிடியே பிடிச்சுக்கொண்டிருந்தா. பிறகு சாரத்தை என்னட்ட இருந்து வாங்கி உதறி மடிச்சா. தணலை அடுப்பில போட்டுட்டுப் போய்ப் படி எண்டா.

அந்தியேட்டி நடந்தது. தர்ப்பை உருவத்துக்கு அந்தச் சாரத்தில ஒரு துண்டைக் கிழிச்சுச் சுத்தினது அம்மாதான். பாயைச் சுருட்டிக் கூரை வளைக்கு மேல செருகினது அப்பா. நான் பரீட்சை எடுத்தன். மின்புலத்தில கேள்வி வந்தது, புத்தகத்தில இருக்கிற மாதிரியே எழுதினன், பௌதிகவியல் சித்தியடைஞ்சன்.

அடுத்த சோளகத்துக்கும் நாங்கள் அதே கொட்டிலிலதான் இருந்தம். ஒரு மத்தியானம் நான் அந்த மூலைக்குக் கிட்ட இருந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தன். காத்துப் பிடிச்சு ஆட்ட, தறப்பாள் உரஞ்ச, என்ர கையில மயிர் எழும்பிச்சு. எனக்கு முழு விளக்கமும் தெரியும், ஒரு சொல்லும் பிழைக்காது. எண்டாலும் பேனையை வைச்சுப்போட்டு அசையாமல் இருந்தன். அம்மா பத்திக்குள்ள இருந்து எனக்குத் தேத்தண்ணி கொண்டுவந்தா. பாய் இல்லாத அந்த வெறும் நிலத்தைச் சுத்தி, அரைவட்டமா நடந்துதான் வந்தா.